பெரில் ஆக்ஸ்லியின் கரிக்கொட்டடி

பெரில் ஆக்ஸ்லி மேட்டிலிருந்து இறங்கி வருவதை என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கையில் வாளி, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பாதை திரும்புகிற இடத்தில் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். அறுபதைத் தொட்டவள். பகல் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நின்று, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டுவிட்டு வருகிறவள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, ஏற்றம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. பிறகு எதற்கு இந்த மேடு என்று கேட்டால், "வில்ஃபோட ஃபெரெட்டுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்மாதிரி சுரங்க ஊர்களில் ஃபெரெட் வளர்க்காத வீடு குறைவு. கீரி சாயல், நீள உடம்பு, கூர்மூக்கு. முயல் வளைக்குள் இறக்கிவிட்டால் முயல் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்து வலையில் விழும். பெரிலின் கணவன் வில்ஃப் அந்த வேட்டைக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பூமிக்கு அடியில் கரி வெட்டியே வாழ்ந்தவன், மேலே வந்தபோது நெஞ்சு நிறையத் தூசியோடு வந்தான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், தூசி மட்டும் அவனிடமே தங்கிவிட்டது. கோடையில் வாசல் வரை நடப்பான், குளிர்காலத்தில் நாற்காலியோடு சரி. அவனிடம் மிச்சம் இருந்தவை இரண்டு ஃபெரெட்டுகள்: டாலி என்ற வெள்ளைப் பெட்டை, நாப் என்ற கறுப்பு ஆண்.

அவை இருந்தது மேட்டின் மேல் ஊர்க்காரர்கள் காய்கறி போடுகிற தோட்டத் துண்டில். வில்ஃப் நன்றாக இருந்த காலத்தில் தன் கையால் கட்டிய கொட்டகை. சுற்றி மரம், நல்ல நிழல், ஃபெரெட்டுக்கு அரண்மனை. ஆனால் தினம் இறைச்சி வைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், மூலையில் போட்டு வைப்பதை அள்ள வேண்டும். வசந்தத்தில் டாலிக்குக் காமம் வந்தால் அது தானாக அடங்காது, அப்படியே விட்டால் செத்துப்போகும். அதைக் கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய் ஊசி போட்டு வர வேண்டும். இத்தனையும் வில்ஃப் செய்தது. இப்போது பெரில் செய்தாள். அவளுக்கு ஃபெரெட் என்றாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவள்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு, பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவனை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குள் போய், இன்னொரு வருஷம் இவள் இந்த மேட்டை ஏறினால் உனக்கு முன்னால் இவள் போய்விடுவாள் என்று வில்ஃபிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "தெரியும் ஐரீன். அதான் அதுங்கள வீட்டுக்கே கொண்டுவரலாம்னு பாக்குறேன்" என்றான்.

அன்று தொடங்கியது திட்டம். பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பின்முற்றத்துக் கல்தளத்தில் கைத்தடி நுனியில் சாக்குக்கட்டியைக் கட்டி வரைய ஆரம்பித்தான். வெறும் கூண்டு வரைந்தான் என்றா நினைக்கிறீர்கள்? சுரங்கம் வரைந்தான். காற்று உள்ளே வர ஒரு துளை, அதற்கு எதிர்ப்பக்கம் உயரத்தில் வெளியே போக ஒரு துளை. ஒரே துளை வைத்தால் காற்று நிற்கும், நின்ற காற்று கொல்லும் என்றான். கதவு ஒன்று போதாது, இரண்டு. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் தொடக் கூடாது, கீழே சுரங்கத்தில் அப்படித் தொட்டவனை மறுநாள் வேலைக்கே சேர்க்கமாட்டார்கள் என்றான். தூங்குகிற பெட்டிக்குள் பொட்டு வெளிச்சம் விழக் கூடாது. கம்பி வலையில் ஃபெரெட்டின் தலை நுழைந்தால் உடம்பு தானாக நுழைந்துவிடும், அதனால் கண்ணி சின்னதாக இருக்க வேண்டும்.

அதோடு விட்டானா? வெளிவீடு மட்டும் போதாதாம், உள்வீடும் வேண்டுமாம். குளிர் நாளில் வாசலுக்கு வந்தாலே நெஞ்சு இறுகிவிடும் அவனுக்கு, அப்புறம் அதுகளை எப்படிப் பார்ப்பது? அதனால் சமையலறையில் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பி முகப்பு வைத்த ஒரு பெட்டி. சுவரில் துளை போட்டு இதற்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்னக் குகைவழி. பகலில் உள்ளே வரும், ராத்திரியில் வெளியே போகும். படுக்கிற அறையில் மட்டும் பிராணி ஆகாது என்று அவன் நெஞ்சைப் பார்க்க வருகிற நர்ஸ் கட்டளை போட்டிருந்தாள், சமையலறையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

பெரில் பாத்திரம் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சமையலறை. நான் அவள் முகத்தையே பார்த்தேன். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன், எனக்குக் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கழிவு மூலை வெளியேதான் இருக்க வேண்டும். மூலையைத் தேர்ந்தெடுப்பது ஃபெரெட்டின் இஷ்டம், அதனிடம் போய்க் கேள் என்றான் வில்ஃப். அப்படியானால் நீயே அதனிடம் பேசி முடிவு பண்ணிக்கொள், எனக்கு வேலை இருக்கிறது என்றாள் பெரில்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"முற்றத்துல கூண்டு போட்டா வெயில்ல வெந்துபோகும். கரிக்கொட்டடிய காலி பண்ணு. சுவரு தடிமன், வெயில் எட்டாது, சமையக்கட்டுச் சுவர ஒட்டி நிக்குது. இதவிட என்ன வேணும்?"

"அதுல கரி இருக்கு."

"கரி இருக்கறது எனக்குத் தெரியாதா? அள்ளிப் போடுறது நான்தான."

வில்ஃப் சாக்குக்கட்டியால் வேறொரு மூலையில் கோடு போட ஆரம்பித்தான். அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்கள் ஊரில் சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு ஆயுள் உள்ளவரை வீட்டுக்குக் கரி வரும். சம்பளத்தைப்போல அதுவும் உரிமை. வேண்டாம் என்றால் அதற்குப் பதில் பணம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை மாறியவனுக்கு மறுபடி கரி கிடையாது என்பது தெருப் பேச்சு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே நாங்கள் மாறிவிட்டோம். எங்கள் கரிக்கொட்டடியில் இப்போது துணி துவைக்கிற மெஷின் ஓடுகிறது. ஆக்ஸ்லி வீட்டிலும் கரி எரிக்கிற வேலையே இல்லை. வில்ஃபின் நெஞ்சுக்குப் புகை ஆகாது என்று எப்போதோ கேஸ் கணப்பு வைத்துவிட்டார்கள்.

எரிக்காத கரி வந்துகொண்டே இருந்தது. லாரிக்காரன் வாசலில் கொட்டிவிட்டுப் போவான், உள்ளே சுமப்பது வீட்டுக்காரர் பாடு. பெரில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மண்வெட்டி எடுப்பாள். ஆனால் கொட்டடியில் இடம் இருக்காது. அதனால் முதலில் பழைய கரியை வாளி வாளியாக அள்ளி, இன்னும் கரியடுப்பு வைத்திருக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்துவிட்டு வருவாள். பிறகு புதுக் கரியை உள்ளே தள்ளுவாள். அதற்கு அப்புறம் மேடு. கொட்டடியில் கரி பாதிக்குக் கீழே இறங்கினால் வில்ஃபின் முகம் வாடிவிடும், அதற்காக இந்தக் கூத்து. நான் பாதி நாள் அவளோடு சேர்ந்து அள்ளினேன், பாதி நாள் திட்டினேன். இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வசந்தத்தில் வில்ஃப் தன் திட்டப்படி பின்முற்றத்திலேயே ஒரு கூண்டு கட்ட வைத்தான். கட்டியது அவனுடைய பழைய சுரங்கத் தோழன் ஆலன். வில்ஃப் நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொரு ஆணிக்கும் குறை சொன்னான். டாலியும் நாப்பும் கீழே வந்தன. பெரில் அன்று மாலை என் வீட்டில் உட்கார்ந்து முழு டீ குடித்தாள். அவள் சூடு ஆறுவதற்குள் டீ குடித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்தச் சுகம் கோடை வரைக்கும்தான். முதலில் கூண்டின் அடிப்பலகைக்கும் தளத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி. காற்றுக்கு விட்ட இடம் என்று வில்ஃப் பெருமையடித்த இடம் அது. டாலி அதன் வழியாக இறங்கி, மழைத்தண்ணீர்க் குழாயில் புகுந்து, என் துணி மெஷினுக்குப் பின்னால் வந்து நின்றது. என் காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் ஆலன் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தான். தலை போகிற துளையில் உடம்பு போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் தன் கூண்டிலேயே துளை விட்டிருந்தான். இதை நான் சும்மா விடவில்லை, அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வில்ஃபும் சிரித்தான், சிரித்ததில் இருமல் வந்து நிற்கவே இல்லை.

பிறகு வெயில். எங்கள் பின்முற்றம் செங்கல் சுவருக்கு நடுவில் இருப்பது, ஜூலையில் கல்தளம் கொதிக்கும். ஃபெரெட்டுக்கு வியர்க்காது. நாப் வயிறு தரையில் படப் பரந்து கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அதற்குள் உயிர் தங்குமா என்றே தெரியவில்லை. பெரில் ஈரத்துண்டு போட்டாள், ஐஸ் கட்டின பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள், பள்ளிக்கூடத்தில் பெர்மிஷன் கேட்டு நடுப்பகலில் ஓடிவந்து மாற்றிவிட்டுப் போனாள். இன்னும் ஒருநாள் தாங்காது என்றானதும் இரண்டையும் கூடையில் போட்டு மேட்டுக்கே கொண்டுபோனாள். மரத்து நிழலில் விட்டதும் அவை பிழைத்துக்கொண்டன. அவளுக்குத்தான் மறுபடியும் மேடு.

அன்று நான் வில்ஃபிடம் சண்டைக்கே போய்விட்டேன். எரிக்காத கரியைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே, அந்தக் கொட்டடியைக் காலி பண்ணியிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கரி என்னோட விஷயம் ஐரீன்" என்றான், அவ்வளவுதான். இவனுக்குச் சுரங்கம்தான் பெண்டாட்டி, பெரில் வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அப்படித்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

ஜனவரியில் ஒருநாள் காலை, பாதை முழுக்க உறைபனி. பெரில் மேலே போனதைப் பார்த்தேன். இறங்கி வரும் நேரம் கடந்தும் காணவில்லை. செருப்பைக் கழற்றிப் பூட்ஸ் போட்டு, வழுக்காமல் இருக்க அதன் மேல் காலுறையை இழுத்துவிட்டு ஏறினேன். பாதி வழியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாளி கீழே உருண்டு கிடந்தது. ஒரு மணிக்கட்டு வேறொருவர் கையைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தாலும் அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும், "அதுங்களுக்குத் தண்ணி மாத்தியாச்சு" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

கைக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் மேடு ஏறியது நான். நாப் சமர்த்து. டாலி மூன்றாம் நாளே என் கட்டைவிரலில் பல்லைப் பதித்துத் தொங்கியது, உதறினாலும் விடவில்லை. அந்த விரலோடு வில்ஃப் முன்னால் போய் நின்றேன். தண்ணீர்க் குழாயின் கீழ்ப் பிடித்திருந்தால் விட்டிருக்குமே என்றான். அந்தக் குழாய் மேட்டில் உறைந்து கிடக்கிறது, நீ வந்து உருக்கிக் கொடு என்றேன்.

ஆனால் அன்று அவன் முகம் சரியில்லை. பெரில் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி நகர்ந்து நகர்ந்து போனது. நான் தட்டை வாங்கித் தடவிக் கொடுத்துவிட்டு, டீ போடக் கெட்டிலை வைத்தேன். வில்ஃப் தொண்டையைச் செருமினான்.

"ஆலன் வந்திருந்தான். சொல்லிட்டேன்."

"எதச் சொன்ன?" என்றாள் பெரில்.

"டாலியையும் நாப்பையும் எடுத்துக்கச் சொல்லி. ஞாயித்துக்கிழம வரான்."

எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. இனி மேடு இல்லை. பெரிலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்கள விட்டுட்டு நீ என்ன பண்ணுவ?"

"டிவி இருக்கு."

"கரிய விட மனசு வரல. அதுங்கள விட மனசு வந்திடுச்சா உனக்கு?"

வில்ஃப் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் இரண்டு மூச்சு வேண்டும், கஷ்டமான வாக்கியத்துக்கு இன்னும் அதிகம்.

"நான் போனதுக்கப்புறம் உனக்குக் கரி வரும். கொஞ்சம் கொறச்சுத் தருவாங்க, ஆனா வரும். இப்போ நான் மாத்திட்டா அது வராது. கேஸ் என்ன, அவன் இஷ்டத்துக்கு நிறுத்துவான், வெல ஏத்துவான். கொட்டடியில கரி இருந்தா உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." மூச்சு வாங்கினான். "அந்த வேலநிறுத்த வருஷம் பிள்ளவண்டியத் தள்ளிக்கிட்டுச் சுரங்கக் குப்பமேட்டுக்குக் கரி பொறுக்கப் போன பாரு, பனியில. ஆம்பளைங்க பொறுக்கினா போலீசு புடிக்குதுன்னு. நகத்தெல்லாம் பேத்துக்கிட்டு வந்து நின்ன. நான் இந்த நாக்காலியிலதான் உக்காந்து பாத்தேன். இனிமே இவளுக்குக் கரி இல்லாமப் போகக் கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சது."

கெட்டில் கொதித்து அடங்கியது. நான் அதைத் தொடவே இல்லை. இவனைப் போய்ச் சுரங்கத்தைக் கட்டிக்கொண்டவன் என்று நினைத்தேனே என்று இருந்தது.

பெரில் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு அவள் பேசியது மெதுவான குரலில், ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

"அப்போ எனக்குக் குளிரிச்சு வில்ஃப். இப்பக் குளிரல. இப்போ எனக்குக் களைப்பா இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான்.

"நீ எனக்குன்னு சேத்து வைக்கிறத அள்ளி அள்ளியேதான் எனக்கு இடுப்பு போச்சு."

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னேனே. கொட்டடிய காலி பண்ணுன்னு."

"நீ ஃபெரெட்டுக்காகக் கேக்குறேன்னு நெனச்சேன்."

"எனக்காகன்னு கேக்க எனக்கு வரல" என்றாள் பெரில். அப்போதுதான் அழுதாள். கட்டுப் போட்ட கையால் துடைக்கப் போய், கட்டு மூக்கில் இடித்து, அதற்கும் சேர்த்து அழுதாள். நான் டீ போடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலன் ஃபெரெட்டுகளைக் கொண்டுபோகக் கூடையோடு வந்தான். கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வில்ஃப் முந்தின நாளே கரி ஆபீசுக்குப் போன் பண்ணி இனிமேல் கரி வேண்டாம் என்று சொல்லியிருந்தான். போனை வைத்ததும் யாரோ செத்துப்போன செய்தி சொன்னவன்போல உட்கார்ந்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். கொட்டடியில் இருந்ததைத் தெருவில் கரி எரிக்கிறவர்கள் எல்லோரும் சாக்கோடு வந்து வாங்கிப் போனார்கள். தூசி அவன் நெஞ்சுக்கு ஆகாதென்று வில்ஃபை உள்ளே வைத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். அவனா சும்மா இருப்பான்? ஏதாவது தப்பாகச் செய்தால் கைத்தடியால் கண்ணாடியில் தட்டுவான். தட்டித் தட்டிக் கண்ணாடியை உடைக்கப் பார்த்தான்.

சுவரைக் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். கீழே ஒரு காற்றுத் துளை, எதிரே உயரத்தில் ஒன்று, இரண்டிலும் பொடிக்கண்ணி வலை. கரி தள்ளுகிற பழைய வாய்க்குப் பலகை. இரண்டு கதவு, நடுவில் நிற்க இடம். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயை நானே என் கையால் வலை வைத்து அடைத்தேன், எனக்கு என் காலுறை முக்கியம். சமையலறைச் சுவரில் ஆலன் ஓட்டை போட்டபோது பெரில் வீட்டை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். சுவரிலிருந்து வில்ஃபின் நாற்காலிவரை மரக்குகை, அதன் முடிவில் கம்பி முகப்பு வைத்த பெட்டி, மேல்மூடி திறந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இறைச்சி வைக்கலாம். டாலியும் நாப்பும் வந்தன. கொட்டடியை மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு, டாலி குகை வழியாக நேரே சமையலறைப் பெட்டிக்கு வந்து, பின்பக்கமாக நகர்ந்து, அதில்தான் முதல் காரியத்தை முடித்தது. பெரில் வில்ஃபைப் பார்த்தாள். வில்ஃப் கூரையைப் பார்த்தான்.

கை எலும்பு கூடியதும் பெரில் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் மாலை, இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்வாசலில் நுழைந்தேன். வில்ஃப் உதட்டில் விரலை வைத்தான்.

பெரில் மேஜை அருகில் நாற்காலியில் இருந்தாள். கோட்டுப் பொத்தான்கூடக் கழற்றவில்லை, ஸ்கார்ஃபும் தலையில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வேலையிலிருந்து வந்ததும் வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு கதவுவரை போயிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று வில்ஃப் கேட்டிருக்கிறான். அவள் வாளியைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்திருக்கிறாள். அப்படியே வந்து உட்கார்ந்தவள்தானாம். இதை அவன் எனக்குக் கிசுகிசுத்துச் சொன்னான், சொல்லும்போது அவன் கன்னத்தில் ஈரம் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

நான் தட்டை அடுப்பின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இவளைப் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குப் போட எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

திடுக்கென்று விழித்தாள். "மணி என்ன ஆச்சு? அதுங்களுக்குச் சாப்பாடு வைக்கலையே."

"வச்சாச்சு. நான்தான் வச்சேன்" என்றான் வில்ஃப்.

"தண்ணி?"

"அதுவும் மாத்தியாச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நீ தூங்கு."

அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், யாராவது ஏதாவது வேலை சொல்வோம் என்பதுபோல. பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் அதை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி தூங்கியிருந்தாள்.